டாக்டரும் நர்ஸும் பேசிக்கொள்வது: வார்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நர்ஸ்களுக்கும் பயிற்சி டாக்டர்களுக்கும் சேர்த்தே வகுப்பு எடுக்கிறேன். பாடம் எதுவாக இருந்தாலும், இடைவேளையில் வந்து கேட்பது பெரும்பாலும் இந்தக் கேள்விகளைத்தான். கேட்டவர்களின் வார்த்தைகளை முடிந்தவரை அப்படியே வைத்திருக்கிறேன். முதலில் வருபவை புதிதாக டியூட்டியில் சேர்ந்தவர்களின் கேள்விகள். போகப் போகச் சிக்கல் கூடும். நர்ஸ் கேட்டவை, டாக்டர் கேட்டவை இரண்டும் கலந்தே இருக்கின்றன.

கேஸ் ஷீட்டில்தான் எல்லாம் எழுதி வைக்கிறோமே, அப்புறம் எதற்குத் தனியாக வேறு சொல்ல வேண்டும்?

எழுதியதை யாராவது வந்து படித்தால்தான் அது தகவல். கேஸ் ஷீட் யாரையும் போய்க் கூப்பிடாது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு மணிக்குக் குறைந்தது 30 மில்லியாவது சிறுநீர் இறங்க வேண்டும். மாலை 6 மணிக்கு 20, 7 மணிக்கு 15, 8 மணிக்கு 10 என்று சார்ட்டில் அழகாகப் பதிவாகிக்கொண்டே போகும். டாக்டர் அதைப் பார்ப்பது மறுநாள் காலை ரவுண்ட்ஸில். அதற்குள் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கும். எழுதியவர் தன் வேலையைச் செய்தார், படித்தவரும் படித்தார். நோயாளிக்குத்தான் ஒன்றும் நடக்கவில்லை.

அதனால் ஒரு எண்ணை எழுதும்போதே, இது நாளைக் காலை வரை காத்திருக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்றால் உடனே வாயால் சொல்லிவிட வேண்டும்.

டாக்டருக்கு போன் போட்டதும் பதற்றத்தில் எல்லாம் கலந்துவிடுகிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது?

இதற்கு எஸ்பார் என்ற நாலு படி முறை இருக்கிறது: இப்போது என்ன நடக்கிறது, நோயாளியின் பின்னணி என்ன, எனக்கு என்ன தோன்றுகிறது, உங்களிடமிருந்து என்ன வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்த பழக்கம் இது. 2000களின் தொடக்கத்தில் கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவமனைக் குழுமம் இதை வார்டுக்குக் கொண்டுவந்தது. டாக்டர்கள் சுருக்கமாகச் சொல்லப் பழகியவர்கள். நர்ஸ்கள் நோயாளியின் கதையை முழுதாகச் சொல்லப் பழகியவர்கள். இரண்டு பழக்கத்துக்கும் நடுவில் பொதுவான ஒரு வரிசையாக இது உதவுகிறது.

பேச்சில் இப்படி வரும் (சாச்சுரேஷன் என்பது ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவு, சதவீதத்தில்): “டாக்டர், மூன்றாவது வார்டு ஸ்டாஃப் நர்ஸ் பேசுகிறேன். 12ஆம் பெட் நோயாளிக்கு மூச்சு வாங்குகிறது. நிமிடத்துக்கு 28, சாச்சுரேஷன் 89. அரை மணிக்கு முன்னால் 95 இருந்தது. பல்ஸ் 118, பிபி 104/70. வயது 68, மூன்று நாளுக்கு முன்னால் இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆனவர், ஆஸ்துமா கிடையாது. நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்திருக்குமோ என்று கவலையாக இருக்கிறது. ஆக்சிஜன் ஆரம்பித்துவிட்டேன். பத்து நிமிடத்துக்குள் வந்து பாருங்கள். அதுவரை ஈசிஜி எடுத்து வைக்கட்டுமா?” சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. போனை எடுப்பதற்கு முன்னால் கேஸ் ஷீட், மருந்து சார்ட், கடைசியாகப் பார்த்த எண்கள், ஒவ்வாமை விவரம் நான்கும் கையில் இருக்க வேண்டும்.

பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது கடைசிப் படியை. “பேஷண்ட் மூச்சு விடக் கஷ்டப்படுகிறார், டாக்டர்” என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். பாதித் தூக்கத்தில் இருப்பவர், தகவலுக்காகச் சொல்கிறாரா, வரச் சொல்கிறாரா என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. என்ன வேண்டும், எப்போதுக்குள் வேண்டும் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

என்ன நோய் என்று கண்டுபிடிப்பது டாக்டர் வேலை. ‘ரத்தக்கட்டியாக இருக்குமோ’ என்று நர்ஸ் சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். நீங்கள் நோயறிதல் எழுதவில்லை, உங்கள் கவலை எந்தப் பக்கம் போகிறது என்று காட்டுகிறீர்கள். கேட்பவருக்கு வரும் வழியிலேயே யோசிக்க ஒரு நூல் கிடைக்கும். எதுவும் தோன்றவில்லை என்றால், “என்னவென்று தெரியவில்லை டாக்டர், ஆனால் மோசமாகிக்கொண்டே போகிறார்” என்பதும் முழுமையான மூன்றாம் படிதான்.

இந்தத் தயக்கத்துக்கு வயது அதிகம். லியனார்ட் ஸ்டெய்ன் என்ற மனநல மருத்துவர் 1967இலேயே இதை ஒரு விளையாட்டு என்று வர்ணித்து எழுதினார். நர்ஸ் யோசனை சொல்வார், ஆனால் அது தன் யோசனை என்று தெரியாதபடி சொல்வார். டாக்டரும் கேட்டுக்கொள்வார், ஆனால் கேட்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டார். இருவருக்கும் மரியாதை மிச்சம். ஆனால் ஜாடை புரியாமல் போகும் இரவில் அந்த விலையை நோயாளி கொடுக்கிறார். எனக்கு இந்த விளையாட்டில் கொஞ்சமும் சம்மதம் இல்லை.

எண்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன, ஆனால் ஆள் சரியில்லை என்று மனசு சொல்கிறது. இதைச் சொன்னால் சிரிப்பார்களே?

சிரிக்கக் கூடாது. சிட்னியில் உள்ள லிவர்பூல் மருத்துவமனை 1990இல் அவசர மருத்துவக் குழு ஒன்றை அமைத்தது. வார்டில் ஒரு நோயாளி மோசமானால், இதயம் நிற்கும்வரை காத்திருக்காமல் உடனே வந்து பார்க்கும் குழு அது. பிறகு உலகம் முழுக்க வந்த இதுபோன்ற குழுக்கள் பலவற்றில், ‘நர்ஸுக்குக் கவலையாக இருக்கிறது’ என்பதே குழுவை அழைக்கப் போதுமான காரணம்.

இருந்தாலும், மனசில் படுவதைக் கண்ணால் பார்த்ததாக மாற்றிச் சொன்னால் வலு கூடும். “ஏதோ சரியில்லை” என்பதற்குப் பதிலாக, “காலையில் மகளோடு பேசிக்கொண்டிருந்தார், இப்போது கேட்டால்தான் பதில் வருகிறது, போர்வையைப் பிய்த்துக்கொண்டே இருக்கிறார், நெற்றி வியர்த்திருக்கிறது” என்று சொல்லிப் பாருங்கள். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012இல் கொண்டுவந்து 2017இல் திருத்திய ‘நியூஸ்’, நோயாளி எவ்வளவு மோசம் என்று காட்டும் மதிப்பெண் முறை. புதிதாகக் குழப்பம் வந்திருந்தாலே அது 3 மதிப்பெண் தருகிறது. நீங்கள் மனசு என்று நினைத்தது அங்கே எண்ணாகவே இருக்கிறது.

உங்கள் வார்டில் இந்த மதிப்பெண் முறை இருந்தால் விடாமல் பயன்படுத்துங்கள். மேலே போன் பேச்சில் வந்த 12ஆம் பெட் நோயாளியையே எடுத்துக்கொள்வோம். ஆக்சிஜன் வைப்பதற்கு முன்னால் மூச்சுக்கு 3, சாச்சுரேஷனுக்கு 3, பல்ஸுக்கு 2, பிபிக்கு 1, ஆக மொத்தம் 9. ஆக்சிஜன் வைத்தவுடன் அதற்கென்று இன்னும் 2 சேரும். 7 வந்தாலே அவசரம். பிபியை மட்டும் பார்த்தவர் 104 தானே என்று விட்டிருப்பார்.

போனில் சொல்லும் ஆர்டரை எடுக்கலாமா? சிலர் எடுக்கவே கூடாது என்கிறார்கள்.

அவசரத்தில் எடுத்துத்தான் ஆக வேண்டும். டாக்டர் பக்கத்திலேயே இருந்தால் எழுதித் தரச் சொல்லுங்கள். போனில் எடுத்தால் முதலில் எழுதுங்கள், பிறகு எழுதியதைப் பார்த்தே திரும்பப் படித்துக் காட்டுங்கள், டாக்டர் “ஆமாம், சரி” என்று சொல்லும்வரை வைக்காதீர்கள். நினைவிலிருந்து திருப்பிச் சொல்வது கணக்கில் வராது, ஏனென்றால் தப்பு எழுதும்போதும் நுழையும். எண்களைத் தனித்தனியாகச் சொல்லுங்கள். ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும் இரைச்சலில் ஒன்றுபோலவே கேட்கும். “ஒன்று, ஐந்து” என்றால் குழப்பம் இல்லை. மருந்தின் பெயர் சந்தேகமாக இருந்தால், எதற்காகக் கொடுக்கிறோம் என்று கேளுங்கள். பெயர் ஒன்றுபோல ஒலிக்கும் மருந்துகளைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் அந்தக் காரணம்தான்.

பேசுபவர் யார் என்பதும் முக்கியம். 1966இல் சார்லஸ் ஹாஃப்லிங் என்ற மனநல மருத்துவர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். முன்பின் தெரியாத ஒருவர் டாக்டர் என்று சொல்லிக்கொண்டு டியூட்டியில் இருந்த நர்ஸ்களுக்கு போன் செய்து, ஒரு மருந்தை 20 மில்லிகிராம் கொடுக்கச் சொன்னார். புட்டியிலேயே ஒரு நாளைக்கு அதிகபட்சம் 10 மில்லிகிராம் என்று எழுதியிருந்தது. 22 நர்ஸ்களில் 21 பேர் கொடுக்கப் புறப்பட்டுவிட்டார்கள். மருந்து போலி என்பதால் யாருக்கும் ஆபத்து இல்லை. இதே நிலைமையைக் காகிதத்தில் எழுதி வேறு நர்ஸ்களிடம் கேட்டபோது பெரும்பாலோர், கொடுக்க மாட்டோம் என்றுதான் சொன்னார்கள். அந்தக் குரலை நேரில் கேட்கும்போது வரும் அழுத்தம் வேறு. அதனால்தான் திரும்பப் படிப்பதை, மனசு வந்தால் செய்வதாக இல்லாமல் எப்போதும் செய்யும் வழக்கமாக வைக்கச் சொல்கிறேன்.

கையெழுத்து புரியவில்லை என்று கேட்டால் எரிந்து விழுகிறார். ஊகித்துக் கொடுத்துவிடலாமா?

கூடாது. இன்சுலின் 4 என்று எழுதி யூனிட்டுக்குப் பதில் ஆங்கில ‘யு’ எழுத்தை மட்டும் ஒட்டினால், அது பூஜ்யம் போலத் தெரிந்து 40 ஆகிவிடும். 1.0 என்பதில் புள்ளி மங்கினால் 10. பூஜ்யம் இல்லாமல் .5 என்று எழுதினால் 5. அமெரிக்காவின் ஜாயின்ட் கமிஷன் 2004இலேயே இந்தச் சுருக்கங்களைப் பயன்படுத்தக் கூடாதவை என்று பட்டியல் போட்டது. டாக்டர்கள் ‘யூனிட்’ என்று முழுதாக எழுத வேண்டும்.

கேட்கும் விதத்தையும் கொஞ்சம் மாற்றலாம். “எழுதியது புரியவில்லை” என்பது குறை சொல்வதாகக் காதில் விழும். “இது 4 யூனிட்டா, 40ஆ?” என்றால் ஒரு வார்த்தையில் பதில் வந்துவிடும்.

ரவுண்ட்ஸில் நர்ஸ் கூடவே வர வேண்டுமா? அந்த ஒரு மணி நேரம் வார்டு வேலை நின்றுவிடுகிறதே.

எல்லா பெட்டுக்கும் எல்லாரும் சுற்ற வேண்டியதில்லை. அந்தந்த நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் அந்தந்த பெட்டில் நின்றால் போதும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் ஒரு ஐசியூவில், ரவுண்ட்ஸ் முடிந்ததும் பயிற்சி டாக்டர்களிடமும் நர்ஸ்களிடமும், இந்த நோயாளிக்கு இன்றைய இலக்கு என்ன என்று கேட்டார்கள். சரியாகப் புரிந்துகொண்டிருந்தவர்கள் 10 சதவீதத்துக்கும் குறைவு. ஒவ்வொரு பெட்டிலும் அன்றைய இலக்குகளை ஒரு தாளில் எழுத ஆரம்பித்த பிறகு அது 95 சதவீதத்தைத் தாண்டியது. 2003இல் வெளிவந்த ஆய்வு இது. சேர்ந்தே சுற்றியும் பத்தில் ஒருவருக்குக்கூடப் புரியவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு பெட்டை விட்டு நகரும்போதும், இன்று என்ன செய்யப் போகிறோம் என்று ஒருவர் உரக்கச் சொல்ல வேண்டும். அதைச் சொல்வது நர்ஸாக இருப்பது நல்லது, செய்யப் போகிறவர் அவர்தான்.

நான் டாக்டர். சின்ன விஷயத்துக்கெல்லாம் இரவில் எழுப்புகிறார்கள். எப்படிக் குறைப்பது?

எழுப்பும் போன்களை ஒரு வாரம் குறித்து வைத்துப் பாருங்கள். பாதிக்கு மேல், பகலில் எழுதாமல் விட்ட ஆர்டராக இருக்க வாய்ப்பு அதிகம். காய்ச்சல் வந்தால் என்ன, வலி கூடினால் என்ன, தூக்கம் வரவில்லை என்றால் என்ன என்று மாலையிலேயே எழுதிவிடுங்கள். எந்த எண்ணைத் தாண்டினால் கூப்பிட வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்: மேல் பிபி 90க்குக் கீழே போனால், சிறுநீர் இரண்டு மணி நேரம் தொடர்ந்து 30 மில்லிக்குக் குறைந்தால் என்பது போல. படுக்கப் போவதற்கு முன்னால் வார்டுக்கு ஒரு நடை போய், “வேறு ஏதாவது இருக்கிறதா சிஸ்டர்?” என்று கேட்டால் நள்ளிரவுக்குப் பிறகு போன் வெகுவாகக் குறையும்.

திட்டினாலும் குறையும். ஆனால் எந்த போன் நின்றுபோனது என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. இதை டாக்டர்கள் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் செய்வது தவறு என்று தெரிகிறது. எல்லார் முன்னாலும் எப்படிச் சொல்வது?

2005இல் பிரிட்டனில் எலெய்ன் ப்ரோமிலி என்ற 37 வயதுப் பெண், சைனஸுக்கான சாதாரண ஆபரேஷனுக்காகப் படுத்தார். மயக்க மருந்து கொடுத்ததும் மூச்சுப்பாதை அடைத்துக்கொண்டது. அனுபவமுள்ள டாக்டர்கள் சுற்றி நின்று, தொண்டைக்குள் குழாய் செலுத்தத் திரும்பத் திரும்ப முயன்றார்கள். ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டது. ஒரு நர்ஸ், கழுத்தில் துளையிட்டு மூச்சுவிட வைக்கும் டிராக்கியாஸ்டமி செட்டைக் கொண்டுவந்து, தயாராக இருக்கிறது என்று சொன்னார். இன்னொரு நர்ஸ் ஐசியூவில் பெட் கேட்டு வாங்கி, வந்து அறிவித்தார். இதற்கு இப்போது என்ன அவசியம் என்பதுபோல டாக்டர்கள் பார்க்கவே, அந்த பெட்டை ரத்து செய்துவிட்டார். எலெய்ன் மூளை பாதிக்கப்பட்டுச் சில நாட்களில் இறந்தார். என்ன செய்ய வேண்டும் என்று நர்ஸ்கள் சிலருக்குத் தெரிந்திருந்தது. எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அவருடைய கணவர் மார்ட்டின் ப்ரோமிலி விமானி. விமான ஓட்டிகளுக்கு இதற்கென்றே பயிற்சி இருக்க, மருத்துவத்தில் ஏன் இல்லை என்று கேட்டு, அன்றிலிருந்து அதற்காகவே பாடுபட்டார்.

அந்த அறையில் யாரும் சும்மா இருக்கவில்லை என்பதைப் பாருங்கள். செட் வந்தது, பெட் வந்தது, இரண்டையும் வாய்விட்டும் சொன்னார்கள். “செட் தயார்” என்பது தகவல். ஒரே வேலையில் கண்ணும் கருத்தும் குவிந்து போனவர் காதில் தகவல் ஏறாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால்தான் ஏறும்: “டாக்டர், சாச்சுரேஷன் 40. குழாய் போகவில்லை. டிராக்கியாஸ்டமி செட் என் கையில் இருக்கிறது. இப்போதே போடுவோமா?”

நேரம் இருக்கும் இடங்களில் மூன்று படியாக ஏற்றிக்கொண்டு போகலாம். முதலில், “எனக்குக் கவலையாக இருக்கிறது.” கேட்கவில்லை என்றால், “இது எனக்கு ஒப்பவில்லை.” அப்போதும் கேட்கவில்லை என்றால், “நோயாளிக்கு ஆபத்து, நிறுத்துங்கள்.” அமெரிக்காவில் 2006 முதல் கற்பிக்கப்படும் டீம்ஸ்டெப்ஸ் என்ற மருத்துவக் குழுப் பயிற்சியில் வரும் முறை இது. கவலையை இரண்டு முறையாவது சொல்ல வேண்டும் என்பதும் அதில் உண்டு, முதல் முறை காதில் விழாமலே போயிருக்கலாம். இது பலிக்க, நிறுத்தும் உரிமை நர்ஸுக்கு உண்டு என்று மேலிடம் முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். பெரிய ரத்தக்குழாயில் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் போடும்போது ஐந்து சுத்த விதிகளில் ஒன்றை டாக்டர் விட்டாலும் நர்ஸ் தடுக்கலாம் என்பதை, பீட்டர் ப்ரோனவோஸ்ட் தலைமையில் மிச்சிகன் மாநில ஐசியூக்களில் நடைமுறைப்படுத்தினார்கள். ஆயிரம் கதீட்டர் நாளுக்கு (ஒரு கதீட்டர் ஒரு நாள் உடலில் இருந்தால் ஒரு கதீட்டர் நாள்) சராசரியாக 7.7 ஆக இருந்த ரத்தத் தொற்று, ஒன்றரை வருடத்துக்குள் 1.4 ஆக இறங்கியது. 2006இல் இது வெளிவந்தது.

சீனியரைக் கூப்பிட்டால் ‘கோள் சொல்கிறவள்’ என்று பெயர் வந்துவிடாதா?

பின்னால் போய்ச் சொன்னால் வரும். முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனால் வராது: “டாக்டர், எனக்கு இன்னும் கவலை தீரவில்லை. சீனியரையும் கேட்டுவிடுகிறேன்.” பெரும்பாலும் இந்த இடத்திலேயே அவர் எழுந்து வந்துவிடுவார்.

ஷிப்ட் மாறும்போது நர்ஸ் நர்ஸிடம் ஓவர் கொடுக்கிறார் (நோயாளிகளின் பொறுப்பை ஒப்படைக்கிறார்), டாக்டர் டாக்டரிடம் கொடுக்கிறார். நடுவில் எது விழுந்தாலும் தெரிவதில்லை. என்ன செய்யலாம்?

டாக்டர்கள் ஓவர் கொடுப்பதை ஒழுங்குபடுத்தியதே பெரிய பலன் தந்தது. ஐ-பாஸ் என்ற முறையை 9 மருத்துவமனைகளில் கொண்டுவந்தபோது மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்தன என்று 2014இல் வெளியிட்டார்கள். நோயாளி எவ்வளவு மோசம், சுருக்கம், செய்ய வேண்டிய வேலைகள், என்ன ஆகலாம் – அப்படி ஆகிவிட்டால் என்ன செய்வது, கடைசியாக வாங்குபவர் திருப்பிச் சொல்வது என்று ஐந்து படி.

நீங்கள் சொல்லும் நடு இடைவெளிக்கு, இரண்டு ஓவரும் முடிந்த கையோடு டியூட்டி டாக்டரும் இன்சார்ஜ் நர்ஸும் ஐந்து நிமிடம் நின்றபடியே பேசினால் போதும். எல்லா நோயாளிகளையும் பற்றிப் பேச வேண்டாம். இன்றிரவு யாரைப் பார்த்து பயப்படுகிறோம் என்று ஆளுக்கு இரண்டு மூன்று பெயர் சொல்லுங்கள். இரண்டு பட்டியலும் ஒத்துப்போகாத இடத்தில்தான் விஷயம் இருக்கிறது.

வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டேன். நீல டிக்கும் வந்துவிட்டது. போதாதா?

முதல் கேள்விக்குச் சொன்ன பதில்தான் இதற்கும். குரூப்பில் பத்துப் பேர் பார்த்தால், மற்ற ஒன்பது பேரில் யாரோ செய்வார்கள் என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள். அவசரம் என்றால் ஒருவருக்கு போன் செய்யுங்கள். நோயாளியின் பெயரும் ரிப்போர்ட்டும் சொந்த போனில் சுற்றுவது தனிப் பிரச்சினை. உங்கள் மருத்துவமனை அதற்கு வழி செய்து தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

நோயாளி முன்னாலேயே திட்டிவிட்டார். அந்த நேரத்தில் என்ன செய்வது?

நோயாளிக்கு வேண்டியதை முதலில் முடித்துவிடுங்கள். அப்புறம் அதே நாளில் தனியாகப் பாருங்கள். “நீங்கள் மோசமானவர்” என்ற தொனி வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள்: “12ஆம் பெட் முன்னால் அப்படிச் சொன்னதால், அடுத்து ஒரு சந்தேகம் வந்தபோது கேட்கத் தயங்கினேன்.” பல டாக்டர்களுக்கு இந்தப் பின்விளைவு தெரியாது, கேட்டதும் மாறுகிறார்கள். மாறாதவர் விஷயத்தில் எழுத்தில் கொடுங்கள், பார்த்தவர்களையும் சேர்த்து. அதை நீங்கள் தனியாகத் தாங்க வேண்டியதில்லை.

துறைத் தலைவர்களுக்கும் ஒரு சொல். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களின் மருந்துத் தவறுகளைக் கணக்கெடுத்தபோது, நன்றாக நடக்கும் குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே தவறு அதிகம் நடக்கவில்லை, பயமில்லாமல் சொன்னார்கள். உங்கள் வார்டில் ஒரு தவறுகூடப் பதிவாகவில்லை என்றால் சந்தோஷப்படாமல் விசாரியுங்கள்.

எஸ்பார் முறையில் சரியாகத்தான் சொன்னேன். டாக்டரும் ‘சரி, பார்க்கிறேன்’ என்றார். ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. தப்பு யார் மேல்?

என்னிடம் வரும் கேள்விகளில் மிகக் கடினமானது இது. தப்பைப் பங்கு போடுவதற்கு முன்னால், அந்த ‘சரி’ எதற்கு என்று பாருங்கள். கேட்டுக்கொண்டேன் என்பதும் சரி, வருகிறேன் என்பதும் சரி, சிஸ்டர் பார்த்துக்கொள்வார் என்பதும் சரி. போனை வைத்த நர்ஸ், டாக்டர் வருவார் என்று நினைக்கிறார். வைத்த டாக்டர், மோசமானால் மறுபடி கூப்பிடுவார் என்று நினைக்கிறார். இருவருமே பொறுப்பைக் கொடுத்துவிட்டதாக நிம்மதியாக இருக்கிறார்கள்.

அதனால் போனை வைப்பதற்கு முன்னால் இரண்டு விஷயம் கேட்டுவிடுங்கள். எத்தனை மணிக்கு வருவீர்கள்? அதுவரை எந்த எண் மாறினால் உங்களுக்காகக் காத்திருக்காமல் வேறு யாரைக் கூப்பிட வேண்டும்? டாக்டர்கள் பக்கமும் இதே கடமை உண்டு. வர முடியாது என்றால், “ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறேன், 40 நிமிடம் ஆகும், அதற்குள் டியூட்டி சீனியரைக் கூப்பிடுங்கள்” என்று சொல்லிவிடுவது ‘பார்க்கிறேன்’ என்பதைவிட ஆயிரம் மடங்கு உதவி.

பேசி முடித்ததும் பேச்சை அப்படியே நேரத்தோடு எழுதுங்கள்: “22.40 – டாக்டரிடம் சொன்னேன், சாச்சுரேஷன் 89. 23.00க்குள் வருவதாகச் சொன்னார். 90க்கு மேல் ஏறாவிட்டால் சீனியரைக் கூப்பிடச் சொன்னார். 23.05 – வரவில்லை, மறுபடி கூப்பிட்டேன். 23.07 – சாச்சுரேஷன் 88, சீனியருக்குச் சொன்னேன், வந்துகொண்டிருக்கிறார்.” பழி விழாமல் இருக்கத்தான் இப்படி எழுதுவது என்று சிலர் நினைக்கிறார்கள். 23.00 என்று எழுதிவைத்தவர்தான் 23.05க்குக் கடிகாரத்தைப் பார்க்கிறார். அதற்காகத்தான் எழுதச் சொல்கிறேன்.